பால் ஆகாத வயிறும் பால் அல்லாத பாலும்

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெயர் பெற்ற மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு விசித்திரமான கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டாக்டர் மைக்கேல் லெவிட்டும் அவருடைய மினியாபொலிஸ் நண்பர்களும். கட்டுரையின் நாயகன் ஓர் இளைஞர். அவருடைய நோய் வாயுத் தொல்லை. சிரிக்க வேண்டாம், அவருக்கு அது சிரிப்பாக இல்லை. பல வருடங்களாக டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியும் பலன் இல்லாததால், ஒரு நாளில் எத்தனை தடவை வாயு பிரிகிறது என்று மனுஷர் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைத்தார். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் குற்றவாளி பிடிபட்டது. பால்!

உலகத்திலேயே சுத்தமான, பூரணமான உணவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த அதே பால்தான்.

இந்த இளைஞரின் கதை ஒரு பெரிய கதையின் நடுப்பக்கம். பால் எப்படி மருந்தானது, பிறகு எப்படிச் சந்தேகத்துக்கு உள்ளானது, அதன் இடத்தைப் பிடிக்க சோயாவும் பாதாமும் ஓட்ஸும் எப்படி வந்தன, வயிறு ஒத்துழைக்காதவர்கள் புரதத்துக்கு எங்கே போனார்கள் என்பதெல்லாம் அந்தப் பெரிய கதையில் அடக்கம்.

முதலில் நோயின் பெயர். ஆங்கிலத்தில் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ். (தமிழில் எழுதினால் போலீஸ் அதிகாரிக்கும் இந்த நோய்க்கும் ஒரே எழுத்துதான். என்ன செய்வது!) வயிற்று வலி, பொருமல், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். ஸ்கேன் எடுத்தாலும் குழாய் விட்டுப் பார்த்தாலும் குடல் நன்றாகத்தான் இருக்கும். இதனாலேயே இந்த நோயாளிகள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சம் அல்ல.

1871ல் அமெரிக்க டாக்டர் டகோஸ்டா இதைப் பற்றி எழுதியபோது சளிக் குடல் அழற்சி என்ற பொருளில் பெயர் வைத்தார். 1929ல் அது 'எரிச்சல் பெருங்குடல்' ஆனது. இன்று இருக்கும் பெயர் மருத்துவ இதழ்களில் வந்தது 1950ல்தான். பெயர்கள் மாறிக்கொண்டே வந்தாலும் நோயாளியைப் பற்றிய அபிப்பிராயம் மாறவில்லை. "பதட்டக்காரர், எல்லாம் மனசு" என்பதுதான் அது. 1939ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு நூல் இதை மனநலத் துறைக்கே தள்ளிவிடலாமா என்கிற ரீதியில் யோசித்தது.

அதை அசைத்தது ஒரு பலூன். லண்டனில் ஜேம்ஸ் ரிட்சி என்ற டாக்டர் நோயாளிகளின் பெருங்குடலுக்குள் சிறிய பலூனை வைத்துக் காற்று ஊதினார். 60 மில்லி காற்று அடைத்தபோது நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் வலித்தது. நோய் இல்லாதவர்களிலோ நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்குத்தான் வலி. 1973ல் இது அச்சில் வந்தது. அதாவது உள்ளே சேரும் வாயு எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தாலும், சிலருடைய குடல் அதை வலியாக உணர்கிறது. இது பாசாங்கில்லை. இந்தப் பலூனை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சோயாவும் கொண்டைக்கடலையும் புரிந்துவிடும்.

இனி பால். பாலில் இருக்கும் சர்க்கரைக்குப் பெயர் லாக்டோஸ். அதைச் சிறுகுடலில் உடைக்கும் நொதிக்குப் பெயர் லாக்டேஸ். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், குழப்பிக்கொள்ளக் கூடாது. 1633ல் இத்தாலியர் பார்த்தொலெத்தி மோர்த்தெளிவிலிருந்து இந்தச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தார். 1780ல் ஸ்வீடனின் ஷீலே இது ஒருவகைச் சர்க்கரையே என்று காட்டினார். நொதி போதாமல் போனால் லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்து. அவை அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் முதலிய வாயுக்களை உண்டாக்குகின்றன. கூடவே தண்ணீரும் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. பொருமல், இரைச்சல், பேதி எல்லாம் இதனால்தான். அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். அதை அளந்து பார்க்கும் வழியை 1969லிருந்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் மேலே சொன்ன லெவிட்தான்.

இது தெரிவதற்கு முன் பால் இருந்த உயரமே வேறு. 1915ல் சிகாகோ டாக்டர் சிப்பி குடல்புண் நோயாளிகளுக்கு மணிக்கு ஒருமுறை பாலும் கிரீமும் கொடுக்கும் வைத்தியத்தை அறிவித்தார். அடுத்த பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதுதான் குடல்புண் பத்தியம். பால் ஒத்துக்கொள்ளாத எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மருந்தைக் குடித்தார்களோ! 1918ல் உணவியல் அறிஞர் எல்மர் மெக்காலம் பாலைப் 'பாதுகாக்கும் உணவு' என்ற வரிசையில் வைத்தார். வைட்டமின்கள் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம் அது. பாலுக்கு ஒரு விஞ்ஞான ஒளிவட்டமே கிடைத்துவிட்டது.

அதே சமயம் ஆப்பிரிக்காவில் ஒரு பெண் டாக்டர். பெயர் சிசிலி வில்லியம்ஸ். இன்றைய கானா நாட்டில் 1929லிருந்து வேலை பார்த்தவர். தாய்ப்பால் மறந்த குழந்தைகளுக்கு உடம்பு வீங்கி, தலைமுடி நிறம் மாறி, தோல் உரிந்து சாகும் நோயைக் கவனித்தார். உள்ளூர் கா மொழியில் அதற்கு க்வாஷியோர்கர் என்று பெயர். அடுத்த குழந்தை வந்ததும் மடியிலிருந்து இறக்கி விடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அர்த்தம். நம் ஊர்ப் பாட்டிகள் சவலைப் பிள்ளை என்பார்களே, கிட்டத்தட்ட அந்த எண்ணம்தான். 1935ல் லான்செட் இதழில் அந்தப் பெயரோடு எழுதினார். மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே குடித்த குழந்தைகளுக்குப் புரதம் போதவில்லை என்பது அவர் கணிப்பு. பால் கொடுத்தால் பலர் தேறினார்கள்.

இதிலிருந்து ஒரு சங்கிலி நீள்கிறது. 1952ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு நிறுவனமும் சேர்ந்து ஆப்பிரிக்காவில் க்வாஷியோர்கர் பற்றி அறிக்கை வெளியிட்டன. உலகத்தின் முக்கியமான சத்துப் பிரச்சினை புரதம்தான் என்ற கருத்து பரவியது. 1955ல் ஐ.நா. இதற்கென்றே ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. அமெரிக்காவிலோ விற்காத பால்பவுடர் கிடங்கு கிடங்காகக் குவிந்து கிடந்தது. 1954ல் பி.எல். 480 சட்டம் வந்தது. தானம், தேவை, கிடங்கைக் காலி செய்யும் அவசரம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து பால்பவுடர் மூட்டைகள் கப்பலேறின. இதில் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சின்னக் குழந்தைகளுக்கு பெரும்பாலும் லாக்டேஸ் இருக்கும். பல குழந்தைகள் அந்தப் பவுடரால் பிழைத்தார்கள். இந்தியாவிலும் 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், ஐரோப்பா இலவசமாகத் தந்த பவுடரையும் வெண்ணெயையும் விற்ற காசில்தான் பால் கூட்டுறவுகளைக் கட்டியது. ஆனால் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் அதைக் கரைத்துக் குடித்த ஊர்களில் வேறு சேதிகள் கேட்டன. வயிற்றுப்போக்கு, பொருமல். லத்தீன் அமெரிக்காவில் அந்தப் பவுடரைக் கரைத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள் என்ற கதையை மானுடவியல்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது கொடுத்தவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. தண்ணீர் சுத்தமில்லை, கரைக்கத் தெரியவில்லை, பழக்கமில்லை. குறை வாங்கியவர்களிடம்தான் என்று முடிவு கட்டியாகிவிட்டது.

உண்மை ஐரோப்பிய சோதனைச்சாலைகளில் மெல்ல வெளிவந்தது. 1959ல் மான்செஸ்டரில் ஹோல்சல் குழுவினர் லாக்டோஸைச் செரிக்க முடியாமல் நலிந்த சில பச்சைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அது அபூர்வ நோய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1963ல் இத்தாலியிலும், ஸ்வீடனின் லுண்ட் நகரத்திலும் நன்றாக வளர்ந்த பெரியவர்களிடமே இந்தக் குறை இருப்பது தெரிய வந்தது. லுண்ட் ஆய்வின் நாயகர் ஆர்னே டால்க்விஸ்ட். குடலிலிருந்து எடுத்த துளித் திசுவில் நொதி எவ்வளவு என்று அளக்கும் முறையை 1964ல் அவர் வெளியிட்டார். இந்தப் பெயரும் ஊரும் மறுபடி வரும்.

பிறகு நடந்ததுதான் திருப்பம். 1965, 1966ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் ஆரோக்கியமான ஆட்களையே சோதித்தார்கள். பேலெஸ், ரோசன்ஸ்வைக் இருவரின் 1966 ஆய்வில் கறுப்பினத்தவரில் பத்தில் ஏழு பேருக்கு லாக்டேஸ் குறைவு. வெள்ளையர்களில் அது அபூர்வம். அதே 1966ல் உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து குக், கஜுபி இருவரும் இன்னும் சுவாரசியமான செய்தி தந்தார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே மாடு மேய்க்கும் இனத்தாருக்குப் பால் செரிக்கிறது, வாழைக்காய் உண்ணும் விவசாய இனத்தாருக்குச் செரிக்கவில்லை! கொஞ்ச காலத்தில் தாய்லாந்து, சீனா, ஜப்பான் என்று முடிவுகள் வரிசை கட்டின. 1969லும் 1970லும் புவியியலாளர் ஃபிரெடெரிக் சிமூன்ஸ் இவற்றையெல்லாம் உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்து, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கால்நடைப் பாலில் வாழ்ந்த சமூகங்களில் மட்டுமே பெரியவர்களுக்கும் பால் செரிக்கும் தன்மை பரவியது என்று வாதிட்டார்.

ஆக, எது குறை, எது இயல்பு என்ற கணக்கே தலைகீழானது. பால் குடி மறந்த எல்லாப் பாலூட்டிகளுக்கும் லாக்டேஸ் குறைவதுதான் விதி. வட ஐரோப்பியர்தான் விதிவிலக்கு. உலகப் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிப்பதில்லை. 'லாக்டேஸ் குறைபாடு' என்ற பெயரை வைத்தவர்கள் ஸ்வீடனிலும் மேரிலாண்டிலும் இருக்காமல் பாங்காக்கில் இருந்திருந்தால், 'லாக்டேஸ் மிகுதி' என்று வட ஐரோப்பியரைத்தான் நோயாளிகளாகப் பட்டியல் போட்டிருப்பார்கள்.

இதில் தமிழ்நாட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றும் உண்டு. 1981ல் டாண்டன் குழுவினர் வெளியிட்ட இந்திய ஆய்வில் டெல்லியில் சோதித்தவர்களில் 27.4 சதவீதம் பேருக்கும், திருவனந்தபுரம், புதுச்சேரி இரண்டிலும் சோதித்தவர்களில் 66.6 சதவீதம் பேருக்கும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. 2002ல் பின்லாந்து விஞ்ஞானிகள் பெரியவர்களிலும் லாக்டேஸைத் தொடர வைக்கும் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பத்து வருடம் கழித்து இந்தியர்களிடம் தேடியபோது அதே ஐரோப்பிய மாற்றம் இங்கும் இருந்தது. வடமேற்கில் அதிகம், தென்கிழக்கே வர வரக் குறைவு. தெற்கே சோற்றில் பாலை விட மோரும் தயிரும் ஊற்றிக்கொள்வது ஏன் என்பதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 1984ல் லெவிட் (மறுபடியும் அவரேதான்!) பங்கேற்ற ஆய்வு ஒன்று, தயிரில் உள்ள நுண்ணுயிர்களே குடலுக்குள் போய் லாக்டோஸை உடைத்துத் தருகின்றன, அதனால் அதே அளவு லாக்டோஸ் பாலில் படுத்தும் பாட்டைத் தயிரில் படுத்துவதில்லை என்று காட்டியது. இது பாட்டிகளுக்கு முன்பே தெரிந்த சமாச்சாரம்தான், ஹைட்ரஜன் அளவு மட்டும் தெரியாது.

பால் இல்லாத பால் எப்போது வந்தது? இது நேற்றைய ஃபேஷன் என்று நினைப்பவர்கள் அதிகம். 13ஆம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலிலேயே பாதாம் பால் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் விரத நாட்களில் கிறிஸ்தவர்களுக்குப் பால் விலக்கு என்பதால் பணக்காரர் வீட்டு அடுக்களைகளில் பாதாமை அரைத்துப் பிழிந்த பால் சாதாரணம். 1390 வாக்கில் இங்கிலாந்து அரச சமையல்காரர்கள் தொகுத்த நூலிலும் அது அடிக்கடி வருகிறது. தேங்காய்ப்பால் பற்றித் தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வேடிக்கை, 2017ல் ஐரோப்பிய நீதிமன்றம் செடிகளிலிருந்து எடுப்பதைப் 'பால்' என்று விற்கக் கூடாது என்றது. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு ஏற்கெனவே இருந்தது. பாதாமுக்கும் சில மொழிகளில் விலக்கு. சோயாவுக்கு இல்லை!

சோயாப்பாலின் நவீன வரலாறு பாரிஸில் தொடங்குவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். லீ யூயிங் என்ற சீன இளைஞர் அங்கே படிக்கப் போனவர். பாரிஸ் புறநகரான கொலோம்பில் சோயா தொழிற்சாலை வைத்து 1910ல் சோயாப்பாலுக்குக் காப்புரிமை கேட்டார். பிறகு ஷாங்காயில் ஹாரி மில்லர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர். சீனக் குழந்தைகளுக்கு மாட்டுப்பால் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று கண்டு 1936ல் சோயாப்பால் ஆலை தொடங்கினார். அடுத்த வருடமே ஜப்பானியக் குண்டு விழுந்து அது போயிற்று. அமெரிக்கா திரும்பி மறுபடி ஆரம்பித்தார்.

அவரையும் மிஞ்சிய கதை ஹாங்காங்கில் நடந்தது. லோ குவீ சியோங் என்ற வியாபாரி 1937ல் ஷாங்காயில் ஒரு பேச்சைக் கேட்டார். பேசியவர் அமெரிக்க வர்த்தக அதிகாரி, தலைப்பு சோயாவே சீனாவின் பசு என்பது. அதே காலத்தில் போரிலிருந்து தப்பி ஹாங்காங்குக்கு வந்த அகதிகள் சத்தில்லாமல் வீங்கிச் சாவதை லோ பார்த்தார். முகாமில் சோயாப்பால் காய்ச்சிக் கொடுத்தார்கள், ஆட்கள் தேறினார்கள். 1940 மார்ச் 9ஆம் தேதி விட்டாசாய் பாட்டில்கள் சைக்கிளில் வீடு வீடாகப் போயின. முதல் நாள் விற்றது 9 பாட்டில்! வெயில் காலத்தில் கெட்டுப் போகிறது என்று புகார் வேறு. 1941ல் ஜப்பானியர் வந்ததும் ஆலை மூடப்பட்டது. போருக்குப் பின் மறுபடி தொடங்கி, கிருமிநீக்கம் செய்த பாட்டிலில் அடைத்து, குளிர்பானம் மாதிரி பெட்டிக்கடைகளில் விற்ற பிறகுதான் நிலைத்தது. ஏழைக்கான மருந்து என்று விற்றபோது யாரும் வாங்கவில்லை, கோலா பக்கத்தில் வைத்தவுடன் வாங்கினார்கள்.

மேற்கில் வேறு வழி பிறந்தது. பாலை விடுவதற்குப் பதில் லாக்டோஸை மட்டும் விட்டால் என்ன? நியூஜெர்சிக்காரர் ஆலன் கிளிகர்மன் 1970களில் லாக்டேஸ் நொதியை லாக்டேய்ட் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். பாலில் சில சொட்டு விட்டால் சர்க்கரை முன்பே உடைந்துவிடும், பால் கொஞ்சம் இனிக்கும். இதே மனிதர் பிறகு பயறு வகைகளுக்கும் ஒரு நொதி கொண்டு வந்தார், பெயர் பீனோ. பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனித இனத்தில் யாருக்குமே இல்லை. இதில் ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் பேதம் கிடையாது. கொண்டைக்கடலை சுண்டல் சாப்பிட்டால் எல்லோருக்கும் வாயு உண்டாகும். அந்த வாயு சிலருக்கு வெறும் வாயு, ரிட்சியின் பலூன் நோயாளிகளுக்கு வலி. 1960களில் விண்வெளிக் கப்பலுக்குள் இந்த வாயு சேர்ந்தால் என்னாகும் என்ற கவலையில் நாசாவே கலிபோர்னியாவில் டோரிஸ் காலவே என்ற அறிஞரின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 2001ல் பின்லாந்தின் வாலியோ நிறுவனம் இனிப்பு கூடாதபடி லாக்டோஸையே வடிகட்டி நீக்கிய பாலை விற்கத் தொடங்கியது.

அதே 2001ல் இன்னொரு பெயர் கடைக்கு வந்தது, ஓட்லி. இதன் பின்னால் இருப்பவர் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ரிக்கார்ட் ஓஸ்தே. அவர் யாருடைய மாணவர் என்றால், நொதியை அளக்கும் முறை கண்ட டால்க்விஸ்டின் மாணவர்! ஆசிரியர் பால் செரிக்காத காரணத்தைக் கண்டுபிடித்தார், மாணவர் 1990களில் அவர்களுக்கான பானத்தைக் கண்டுபிடித்தார். ஓட்ஸைத் தண்ணீரில் அரைத்தால் கஞ்சி மாதிரி வழவழவென்றுதான் வரும். மாவுச்சத்தை நொதிகளால் மால்ட்டோஸாக உடைத்தால் பால் போல ஓடும், தானாகவே இனிக்கும். ஸ்டாக்ஹோம், நியூயார்க் காப்பிக்கடைகளில் பிரபலமாகிக் கொண்டிருந்தபோது, இது ஒரு குடல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

இங்கேதான் ஆபத்தான ஒரு விஷயம். பெயர் பால் என்பதால் சத்தும் பாலைப் போல என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு கப் மாட்டுப்பாலில் சுமார் 8 கிராம் புரதம். சோயாப்பாலில் 7, 8 வரை. ஓட்ஸில் 2, 3. கடையில் விற்கும் பாதாம் பாலில் 1 கிராம், அரிசிப் பாலில் அதைவிடவும் கம்மியாக இருக்கும். 2001ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் அட்லாண்டா நகரத்து டாக்டர்கள் எழுதினார்கள். பால் ஆகாது என்று பெற்றோர் நினைத்த ஒரு கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் மறந்த பிறகு அரிசிப் பானமே பிரதான உணவாகக் கொடுக்கப்பட்டது. குழந்தை உடம்பு வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தது. டாக்டர்கள் எழுதிய நோயின் பெயர் க்வாஷியோர்கர். 1935ல் கானாவின் மக்காச்சோளக் கஞ்சிக்காரக் குழந்தைகளுக்கு சிசிலி வில்லியம்ஸ் எழுதிய அதே பெயர், பணக்கார நாட்டின் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து.

லெவிட் 1995ல் இன்னொரு குண்டு போட்டார். ஒரு டம்ளர் பால் குடித்தாலே உயிர் போகிறது என்று சொன்ன 30 பேரைச் சேர்த்தார்கள். ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸ் உடைத்த பால், தினம் 240 மில்லி. ருசியில் தெரிந்துவிடாமல் இருக்க சாதாரணப் பாலிலும் இனிப்புச் சேர்த்தாகிவிட்டது. எந்த வாரம் எந்தப் பால் என்று குடிப்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் தெரியாது. முடிவு? இரண்டு வாரத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 30 பேரில் 9 பேருக்கு லாக்டோஸ் நன்றாகவே செரித்தது. அப்படியானால் அவர்கள் பொய் சொன்னார்களா? அப்படி அர்த்தமில்லை. தொல்லை நிஜம், சுட்டிய விரல்தான் தவறு. அவர்களில் சிலருக்கு இருந்தது ஐ.பி.எஸ். ஆகவும் இருக்கலாம், பாலின் மேல் பழி விழுந்திருக்கலாம்.

அப்படியென்றால் வேறு யார் மேல் பழி? டாக்டர்கள் நீண்ட காலம் உணவின் பக்கமே பார்க்கவில்லை. 1970களில் நார்ச்சத்து மோகம் வந்தபோது ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குக் கோதுமைத் தவிடு எழுதிக் கொடுத்தார்கள். 1994ல் மான்செஸ்டரில் பிரான்சிஸ், வோர்வெல் இருவரும் நோயாளிகளிடமே கேட்டபோது 55 சதவீதம் பேர் தவிட்டால் மோசமானது என்றார்கள், 10 சதவீதம் பேருக்குத்தான் பலன். இருபது வருடம் தவிடு தின்றவர்களை யாராவது முன்பே கேட்டிருக்கலாம். 1982ல் கேம்பிரிட்ஜில் அலுன் ஜோன்ஸ் குழு 21 பேரிடம் உணவுகளை நிறுத்தி ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்ததில் 14 பேருக்குக் குறிப்பிட்ட உணவுகளே தொல்லையைக் கிளப்பின. ஆனால் கோதுமை, பால், வெங்காயம், காப்பி என்று அந்தப் பட்டியலுக்கு ஒரு தர்க்கம் பிடிபடவில்லை.

தர்க்கம் கிடைத்தது ஆஸ்திரேலியாவில். மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிப்சனும், உணவியலாளர் சூ ஷெப்பர்டும் 2005ல் ஃபோட்மேப் என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் புளிக்கும் சிறு சர்க்கரைகள் அனைத்துக்கும் ஒரே குடைப்பெயர். பாலின் லாக்டோஸ், கோதுமை வெங்காயம் பூண்டின் ஃப்ரக்டான், பயறுகளின் ராஃபினோஸ் வகை, சில பழங்களின் ஃப்ரக்டோஸ் எல்லாம் ஒரே குடும்பம். தனித்தனியாகப் பார்த்தபோது ஒவ்வொன்றும் நிரபராதி, கூட்டாகச் சேர்ந்தால் குற்றம். 2014ல் ஹால்மோஸ் என்பவரின் சோதனையில் 30 நோயாளிகளுக்கு 21 நாள் ஒருவித உணவு, 21 நாள் வேறுவித உணவு கொடுத்தார்கள், எல்லாம் சமைத்தே கொடுத்தார்கள். தொல்லையின் அளவு 100க்கு 44.9லிருந்து 22.8ஆக இறங்கியது. தவிட்டை எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

மோனாஷ் ஆய்வகம் உணவுகளை ஒவ்வொன்றாக அரைத்து அளந்தபோது பழைய சமையல் நுட்பங்களுக்கெல்லாம் புது அர்த்தம் கிடைத்தது. முழு சோயாவை அரைத்து எடுத்த பால் இந்த நோயாளிகளுக்கு ஆகாது, ராஃபினோஸ் வகை அப்படியே அதில் இருக்கிறது. சோயாவிலிருந்து பிரித்த புரதத்தை மட்டும் கரைத்துச் செய்த பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாட்டிலில் இரண்டும் சோயாப்பால்தான், பின்பக்க எழுத்தைப் படிக்காவிட்டால் தெரியாது. டோஃபுவில் கெட்டியானது நல்லது, தண்ணீராக இருக்கும் மெல்லிய வகை ஆகாது. தொல்லை தரும் சர்க்கரை தண்ணீரில் கரைவது, சீனத்துச் சமையல்காரர் துணியில் வைத்துப் பிழியும்போதே பாதி போய்விடுகிறது. ஜாவாவின் டெம்பேயில் பூஞ்சணமே அதைத் தின்றுவிடுகிறது. பயறை வேக வைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினாலும் கொஞ்சம் குறையும். (ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரை எடுத்து வைக்கும் வீடுகளில் இதைச் சொன்னால் அடி விழும்!) முட்டை, மீன், கோழியில் மாவுச்சத்தே அநேகமாக இல்லாததால் பிரச்சினையும் இல்லை. மாதக்கணக்கில் முற்றவிட்ட கெட்டிப் பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் மிச்சம் இருப்பதில்லை. ஜிம் போகிறவர்கள் குடிக்கும் வே பவுடர் ஒரு காலத்தில் பாலாடைக்கட்டி ஆலைகளின் கழிவு, அதில் ஐசலேட் என்று எழுதியதில் லாக்டோஸ் மிகக் குறைவு, கான்சன்ட்ரேட் என்று எழுதியதில் அதிகம். ஓட்ஸ் பாலில் லாக்டோஸ் கிடையாது, ஆனால் ஓட்ஸின் ஃப்ரக்டான் உண்டு, சின்ன டம்ளர் போதும்.

சைவக்காரர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். பாலையும் பயறையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொன்னால் தட்டில் மிஞ்சும் புரதம் என்ன? அதனால்தான் மோனாஷ்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே இது நிரந்தரப் பத்தியம் இல்லை என்று சொல்லி வருகிறார்கள். முதல் கட்டம் இரண்டிலிருந்து ஆறு வாரம் மட்டும். அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். பலர் முதல் கட்டத்தில் கிடைத்த நிம்மதியை விட மனமில்லாமல் அதிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பது உணவியலாளர்களின் பொதுவான புகார். லாக்டோஸின் முறை வரும்போது முதல் நாள் கொஞ்சம் பால், வயிறு சும்மா இருந்தால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், மூன்றாம் நாள் முழு டம்ளர். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.